ஆளோலையும் அட்வான்ஸும்

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். இந்த வயதில் எனக்குப் பாதிப் படியிலேயே ஆறு மாசம் ஓடிவிடுகிறது. உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, புதிதாக மொட்டை போட்டு சந்தனம் பூசிய நாலு வயசுக் குழந்தை. மஞ்சள் துணி, வியர்வை, ஒரு பாட்டில் தண்ணீர். பேச்சுக் கொடுத்தேன். செங்கல் சூளையில் வேலையாம்.

"லீவு போட்டுட்டு வந்தீங்களா?"

"லீவெல்லாம் ஏது சார். ரெண்டு நாள் விட்டாரு ஓனரு. பெரிய பையன அங்கயே விட்டுட்டு வந்திருக்கோம்."

"ஏன், அவனையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

அந்த அம்மா சிரித்தார். உலகம் தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "நாங்க திரும்பி வரணும்ல?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பையன் அங்கே இருப்பது ஜாமீனுக்கு. அட்வான்ஸ் வாங்கி மூன்று சீசன் ஆகிறதாம். கல் அறுத்து அறுத்துக் கழித்தும் இன்னும் தீரவில்லை. இது கொடுமையில்லையா என்று நான் குரலை உயர்த்தியதும் கணவர் அவசரமாகத் தடுத்தார். "யாரும் கட்டாயப்படுத்தல சார். நாங்களாத்தான் வாங்கினோம். கைநாட்டு வெச்சிருக்கோம்."

"நாங்களாத்தான் வாங்கினோம்." இந்த மூன்று... இல்லை, இரண்டே வார்த்தைதான். ஆனால் இதற்குள் ஐரோப்பாவின் நானூறு வருஷத்துச் சட்ட சாஸ்திரம் இருக்கிறது. மிகையில்லை. சொல்கிறேன்.

*

ஹியூகோ குரோஷியஸ் என்று ஒரு டச்சுக்காரர். 1583இல் டெல்ஃப்டில் பிறந்தவர். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் கும்பிடுகிற ஆசாமி. 1609இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார், பெயர் போடாமல். தலைப்பு லத்தீனில், 'சுதந்திரக் கடல்' என்று அர்த்தம். கடல் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை, எல்லோரும் போகலாம், யாரும் யாரோடும் வியாபாரம் செய்யலாம் என்பது வாதம். அதிலேயே இன்னொரு நல்ல விஷயமும் சொல்கிறார்: கிழக்கு நாட்டு ஜனங்கள் வேறு மதக்காரர்கள் என்பதற்காக அவர்கள் நிலத்தையும் ஆட்சியையும் யாரும் பிடுங்க முடியாது. 1609இல் ஒரு வெள்ளைக்காரர் இப்படி எழுதியிருக்கிறார் என்றால் எழுந்து நின்று கை தட்டலாம்.

தட்டும் முன் பில்லைப் பார்த்துவிடுங்கள். இது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எழுதிய வக்கீல் வாதத்தின் ஒரு அத்தியாயம். 1603இல் சிங்கப்பூர் பக்கம் 'சாந்தா கத்தரினா' என்ற போர்ச்சுகீசியக் கப்பலைக் கம்பெனி ஆட்கள் மடக்கிச் சரக்கோடு அள்ளிப் போனார்கள். அந்தக் கொள்ளை நியாயம்தான் என்று சொல்ல ஒரு புத்திசாலி தேவைப்பட்டது. சுதந்திரக் கடல் பிறந்தது அப்படி. போர்ச்சுகீசியனின் ஏகபோகத்தை உடைக்கும்வரை கடல் சுதந்திரம். உடைத்த பிறகு? 1621இல் அதே கம்பெனி சாதிக்காய் ஏகபோகத்துக்காக பாண்டா தீவுகளின் ஜனங்களைக் கொன்றும் விரட்டியும் தீவையே காலி செய்தது. காலியான தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகளைக் கொண்டுபோய் இறக்கியது.

குரோஷியஸ் அப்போது ஜெயிலில். உள்நாட்டு அரசியலில் எதிர்க்கட்சிக்காரராகி, 1619இல் ஆயுள் தண்டனை. கோட்டைச் சிறைக்கு அவருக்குப் புத்தகங்கள் ஒரு பெரிய பெட்டியில் வந்து போகும். 1621 மார்ச்சில், மனைவியின் யோசனைப்படி, அந்தப் பெட்டிக்குள்ளேயே மடங்கிப் படுத்துத் தப்பித்துவிட்டார். நம்ம ஊர் சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம். சுதந்திரத்துக்காகப் பெட்டிக்குள் மூச்சடக்கிக் கிடந்த இந்த மனிதர்தான், பாரிஸில் உட்கார்ந்து 1625இல் 'போர், அமைதி பற்றிய சட்டம்' என்ற தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டார்.

அதில் அடிமைத்தனத்துக்கு என்ன சொல்கிறார்? போரில் பிடிபட்டவன் அடிமை, நாடுகளின் வழக்கம் அது. அவன் பிள்ளைகளும் அடிமைதான். போரே இல்லாவிட்டாலும் ஒருவன் தன்னைத் தானே விற்றுக்கொள்ளலாம். ஆயுள் முழுக்க உழைப்பு, பதிலுக்கு ஆயுள் முழுக்கச் சோறு. அப்படி ஒன்றும் மோசமான பேரம் இல்லை என்கிறார். அடுத்ததைக் கவனியுங்கள்: வளர்க்க வேறு வழியே இல்லாவிட்டால் தகப்பன் தன் பிள்ளையை அடகு வைக்கலாம், விற்கவும் செய்யலாம்.

படிக்கட்டில் அந்த அம்மா சிரித்தாரே, நினைவிருக்கிறதா? 'பெரிய பையன அங்கயே விட்டுட்டு வந்திருக்கோம்.' குரோஷியஸ் பாஸ் மார்க் போட்டிருப்பார்.

அவருக்கும் நியாயமாக இருக்க வேண்டும். அடிமையைக் கொல்லும் உரிமை எஜமானனுக்கு உண்மையான நீதிப்படி கிடையாது என்கிறார். கைதிகளிடம் கருணை காட்டச் சொல்கிறார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். நல்லவர் ஒருத்தர், நல்ல தர்க்கத்தோடு, அடிமைத்தனத்தை ஒரு சாதாரண கான்ட்ராக்ட் ஆக்கிவிட்டார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: சம்மதம் இருந்ததா? பசி எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தும் காணோம். 1762இல் ரூஸோ இவரைப் பேர் சொல்லிச் சட்டையைப் பிடித்தது இந்த இடத்தில்தான். ராஜா ஜனங்களுக்குச் சோறு போடுகிறானா, ஜனங்கள் ராஜாவுக்குச் சோறு போடுகிறார்களா என்று கேட்டார். சூளை ஓனருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

*

சரி, புத்தகம் பாரிஸில். நமக்கென்ன?

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்தக் கோடி திருத்தணி மலை, அந்தக் கோடி பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு ஏரி, பறவை, இறால் என்று போகிறோமே, அதே பழவேற்காடு. வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோம். திருப்பதிக்குப் பக்கத்துச் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகரத்து வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கி, 1610 வாக்கில் டச்சுக்காரர்கள் அங்கே கடை போட்டார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை. 1690 வரை சோழமண்டலக் கரைக்கு அதுதான் அவர்கள் தலைமையகம். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். மனிதர்களை வாங்கினார்கள் என்பது அநேகமாக வராது.

நான் பி.காம். முதல் வருஷத்தில், உலகிலேயே பொதுமக்கள் பங்கு வாங்கி விற்ற முதல் பெரிய நிறுவனம் 1602இல் தொடங்கிய டச்சுக் கம்பெனி என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கணக்குப் பதிவியலில் கில்லாடிகள். ஒரு மூட்டை மிளகு விடாமல் எழுதி வைப்பார்கள். அந்தக் கணக்குப் புத்தகங்களில் துணிக்கட்டு வருகிற மாதிரியே ஆட்களும் வருகிறார்கள். வாங்கினது இத்தனை, வழியில் செத்தது இத்தனை, இறக்கியது இத்தனை. செத்தவர்கள் நஷ்டக் கணக்கு.

எப்போது அதிகம் வாங்கினார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். மார்கஸ் விங்க் என்ற வரலாற்றாசிரியர் 2003இல் கம்பெனி ஆவணங்களை வைத்து எழுதிய நீண்ட கட்டுரை இருக்கிறது. சோழமண்டலத்தில் ஆள் ஏற்றுமதி எப்போதும் ஒரே சீராக இல்லை, அலை அலையாக வந்தது என்று காட்டுகிறார். 1622-23இல் ஒரு அலை, பழவேற்காடு, தேவனாம்பட்டினம் துறைகளிலிருந்து. 1646இல் பட்டேவியாவுக்குப் போனவர்கள் 2,118 பேர். பெரும்பாலும் தெற்குச் சோழமண்டலத்து ஜனங்கள். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படை தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடியபோது, நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் மற்ற துறைகளிலும் கம்பெனி வாங்கியது 8,000 முதல் 10,000 பேர். பெரும்பகுதி இலங்கைக்கு. மறுபடி 1673இல் மதுரைப் பக்கம் வறட்சி, மறுபடி கப்பல்.

ஒவ்வொரு அலைக்கும் முன்னால் சண்டையோ பஞ்சமோ இருக்கிறது. துணி விலை சந்தையில் ஏறும் இறங்கும். மனுஷன் விலை வயிற்றில் ஏறும் இறங்கும். தன்னைத் தானே விற்றுக்கொண்ட தாய் 'நானாத்தான் வந்தேன்' என்றுதான் சொல்லியிருப்பாள். குரோஷியஸுக்குத் தேவையான சம்மதம் கிடைத்துவிட்டது.

கப்பலில் போனவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிப் பதிவேடுகளில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் பிடித்த ஊரையோ வாங்கிய கரையையோ சேர்ப்பார்கள். இன்னார் 'வான் பெங்காலன்', இன்னார் 'வான் கோரமண்டல்'. பிப்ரவரி, செப்டம்பர் என்று மாசத்தின் பெயரையே ஆளுக்கு வைத்ததும் உண்டு. மாரியும் முனியனும் போய் மாசமாகக் கரை இறங்கினார்கள்.

*

இதே டச்சுக்காரன் சொந்த ஊரில் எப்படி? 1596இல் மிடில்பர்க் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்தபோது, இங்கே யாரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று நகரத் தலைவரே வாதாடினார். 1644இல் ஆம்ஸ்டர்டாம் நகரச் சட்டம், ஊருக்குள் எல்லோரும் சுதந்திர மனிதர்கள் என்றது. அதாவது அங்கே மண்ணுக்குச் சுதந்திரம், இங்கே கடலுக்குச் சுதந்திரம். நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷனுக்கு மட்டும் கிடையாது. காலனியிலிருந்து முதலாளிகள் அடிமையோடு ஊருக்கு வர ஆரம்பித்ததும் 1776இல் அதையும் திருத்தினார்கள். ஆறு மாசம், நீட்டித்தால் ஒரு வருஷம் வரை, கூட்டி வந்த அடிமை அடிமையாகவே இருப்பான். சுதந்திரத்துக்கு விசா காலம்!

யாழ்ப்பாணத்தில் அவர்கள் செய்தது இன்னும் நுட்பமான வேலை. அங்குள்ள தமிழர் வழக்கங்களையெல்லாம் தொகுக்கச் சொல்லி, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எழுதித் தர, 12 முதலியார்கள் படித்துச் சரி என்று சொல்ல, 1707இல் சட்டமானது தேசவழமை. சீதனம், முதுசம், அடகு, ஒற்றி எல்லாம் அதில் உண்டு. கூடவே அடிமைகளுக்கு ஒரு பகுதி. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நான்கு வகை. ஊர் வழக்கமாக இருந்தவரை அதில் கொஞ்சம் நெளிவு சுளிவு இருந்திருக்கும். ஓடிப் போகலாம், காலத்தில் மறக்கலாம். காகிதத்தில் ஏறியதும் அது கோர்ட்டுக்குப் போகிற உரிமை. படித்துப் பார்த்துச் சரி சொன்ன 12 பேரும் முதலியார்கள் என்பதை மறக்காதீர்கள். நளவரிடம் யாரும் காட்டவில்லை.

*

'பார்த்தியா, வெள்ளைக்காரன் புத்தி' என்று இதோடு முடித்தால் வாசகர்கள் கை தட்டுவீர்கள். எனக்கும் சௌகரியம். ஆனால் வாங்கினவன் டச்சுக்காரன் என்றால் விற்றவன் யார்? தரகர்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவில்லை. தன்னை விற்றுக்கொள்வது என்ற ஏற்பாடே கப்பலில் வந்து இறங்கியதும் இல்லை. 1201இல், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துப் பஞ்சத்தில், ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தங்களை விற்றுக்கொண்டார்கள். கல்வெட்டு இருக்கிறது. அப்போதும் அந்தத் தகப்பனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பசியைத் தவிர.

அடிமை வழக்கு ஒன்றைத் தமிழில் மிகப் பிரமாதமாக எழுதியவர் சேக்கிழார். பெரிய புராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலில் கிழவர் வந்து நிற்கும் கட்டம். பக்தி எல்லாம் என் தலைக்கு மேல். நான் பார்க்கப்போவது அந்தக் கோர்ட் சீனை மட்டும். 'உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஆளோலை இருக்கிறது, நீ எனக்கு அடிமை' என்கிறார் கிழவர். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் அசரவில்லை: கிழித்தது நகல், மூலம் என்னிடம் இருக்கிறது! திருவெண்ணெய்நல்லூர் சபை கூடுகிறது. தாத்தா எழுதிய வேறொரு ஓலையை எடுத்துவந்து கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. தீர்ப்பு, கிழவர் பக்கம்.

வந்தவர் சிவபெருமான், ஆகவே சுபம். ஆனால் அந்தச் சபைக்கு அது தெரியாது. அவர்களுக்கு அவர் யாரோ ஒரு கிழவர். பத்திரம் அசலா, கையெழுத்து சரியா என்று பார்த்தார்கள். தாத்தா எப்படி இன்னும் பிறக்காத பேரனை எழுதிக் கொடுக்க முடியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சுந்தரர்கூட முதலில் கேட்ட ஆட்சேபணை, அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது எங்காவது உண்டா என்பதுதான். மற்றவர்கள் ஆவது உண்டு என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. சேக்கிழார் சோழ அரசில் பெரிய பதவியில் இருந்தவர். ஆவணமும் சபையும் எப்படி நடக்கும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார். குரோஷியஸ் வந்து அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால் ஒரு வரி மாற்றியிருக்க மாட்டார்.

*

விடுதலை வந்ததே என்பீர்கள். வந்தது. எப்படி வந்தது என்பதையும் கணக்குப் பிள்ளையாகவே பார்க்கலாம்.

இந்தியாவில் 1843இல் அடிமைச் சட்டம். அது யாரையும் கூப்பிட்டு 'நீ விடுதலை' என்று சொல்லவில்லை. அடிமை மீதான உரிமையைக் கோர்ட் இனி அமல்படுத்தாது என்றது, அவ்வளவுதான். ஓலை செல்லாது, நிலம், கூலி, கடன் எல்லாம் அதே பழைய இடத்தில். அடுத்த வருஷம் இலங்கையிலும் ஒழித்தார்கள். டச்சுக்காரர்கள் 1863 ஜூலை 1 அன்று சுரினாமில் அடிமைகளை விடுவித்தார்கள். தலைக்கு 300 கில்டர் நஷ்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? முதலாளிக்கு! விடுதலையானவர்கள் மேலும் பத்து வருஷம் அரசு மேற்பார்வையில் தோட்டங்களில் ஒப்பந்த வேலை செய்தாக வேண்டும். பத்து வருஷம் முடிந்த 1873இலேயே கல்கத்தாவிலிருந்து 'லல்லா ரூக்' கப்பல் இந்தியக் கூலிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தது. எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களாகத்தான் கைநாட்டு வைத்தார்கள்.

2022 டிசம்பரில் நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை 1 அன்று அரசர் வில்லெம் அலெக்சாண்டரும் கேட்டார். நல்லது. பழவேற்காட்டில் கப்பல் ஏறியவர்களையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்வோம்.

நம் கணக்கு? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976. அதற்கு முன்னோடியான அவசரச் சட்டம் வந்தது 1975 அக்டோபரில், எமர்ஜென்சியில். நாட்டில் எல்லோருடைய சுதந்திரமும் ரத்தாகியிருந்த நேரத்தில் கொத்தடிமைக்கு மட்டும் சுதந்திரம் வந்தது! வேடிக்கையைத் தள்ளுங்கள், அருமையான சட்டம். அட்வான்ஸுக்காக மடக்கி வைத்திருந்தால் அந்தக் கடனே செத்துப்போகும். கைநாட்டு, பத்திரம், பெரிய மனுஷன் சாட்சி எதுவும் செல்லாது.

அதைவிடப் பெரியது 1982. டெல்லி ஆசிய விளையாட்டுக்கு ஸ்டேடியம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில் நீதிபதி பகவதி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் உழைக்கிறான் என்றால் அது கட்டாய உழைப்பு. அடி உதை மட்டும் கட்டாயம் இல்லை, பசியும் வறுமையும் தள்ளுவதும் கட்டாயம்தான் என்றது. குரோஷியஸுக்குச் சரியான பதில் 357 வருஷம் கழித்து இந்தியாவிலிருந்து போயிருக்கிறது. சம்மதம் இருந்ததா என்பதோடு நிற்காமல், சம்மதிக்காமல் இருக்க அவனால் முடிந்திருக்குமா என்று ஒரு கோர்ட் கேட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பள்ளிப் பாடத்தில் வைக்க வேண்டும் என்பேன்.

ஆனால் அதை நடைமுறைப்படுத்துவது மறுபடி ஒரு காகிதம். ஆர்.டி.ஓ. வந்து விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். 2016இல் மத்திய அரசு மறுவாழ்வுத் தொகையை ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை உயர்த்தியபோது, உடனடியாகத் தரும் சிறு தொகை போக மீதியை ஓனருக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டது. கேஸ் முடியும்வரை என்ன சாப்பிடுவது? வேறெங்காவது அட்வான்ஸ்தான். 1863இல் முதலாளி கையில் 300 கில்டர் ரொக்கமாகக் கிடைத்தது ஞாபகம் வருகிறது.

*

படிக்கட்டில் அந்த மனிதரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சட்டத்தை மட்டும் சொன்னேன். "உங்க கடன் 1976லயே செத்துப் போச்சுங்க. நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம். கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்தா போதும்" என்றேன், பெரிய வக்கீல் மாதிரி.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அது கவர்மென்ட்டுக்குத் தெரியும் சார். ஓனருக்குத் தெரியணுமே. பையன் அங்க இருக்கானே."

அப்புறம் மனைவியைப் பார்த்து, "வா, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றார். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். எந்தச் சூளை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நானூறு வருஷத்துச் சட்டம் தெரிந்தவனுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது.

சூரனை வதைத்த முருகன் சினம் தணிந்து வந்து நின்ற மலையாம் இது. அதனால்தான் தணிகை. அவருக்குத் தணிந்துவிட்டது. நமக்குத் தணியக் கூடாது.